என் சாலிகிராமத்துக் கதைகளைப் புத்தகமாகப் போட்டு நான் பட்ட பாடு

என் வீட்டுப் பரணில் பத்து அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. ஒன்பது பெட்டிகளில் நாற்பது நாற்பதாக, பத்தாவதில் நான்கே நான்கு என, மொத்தம் 364 புத்தகங்கள். எல்லாம் நான் எழுதிய புத்தகம்தான். விற்காமல் தேங்கிப்போனவை இல்லை இவை. இனி யாரும் வாங்கிவிடக்கூடாது என்று நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து அடுக்கியவை. இதில் எனக்கு 1,37,680 ரூபாயும் பதினான்கு மாதமும் போயின. சினிமாவிலும் சீரியலிலும் இருக்கும் பலர் இப்போது தங்கள் வாழ்க்கையை எழுதுகிறார்கள், புத்தகமாகப் போட ஆசைப்படுகிறார்கள். போன மாதம்கூட எங்கள் செட்டில் ஒரு தங்கை, "அக்கா, நீங்க எப்படி புக் போட்டீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் வரும் ஒரு அக்காவின் சம்மதத்தை வாங்கிவிட்டேன். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சாலிகிராமத்தில். அப்பா காஸ்ட்யூம் அசிஸ்டென்ட். அம்மா டப்பிங்கில் கூட்டக் குரல் கொடுப்பார். சந்தைச் சத்தம், கல்யாண வீட்டுச் சத்தம், ஒப்பாரி, எல்லாம். 1980களின் கடைசியில் எங்கள் பக்கத்தில் ஒரு சுவர் தாண்டினால் ஸ்டூடியோ, இன்னொரு சுவர் தாண்டினால் டப்பிங் தியேட்டர். விஜயா வாஹினி ஸ்டூடியோவின் படப்பிடிப்புத் தளங்கள் இருந்த இடத்தில் இன்று மால் நிற்கிறது. அன்று அந்த வழியாகப் போனால் வாசலில் வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும். சினிமாக்காரர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க மாட்டார்கள். அப்பா ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் "தையல் வேலை" என்றுதான் சொல்லுவார். மொட்டைமாடிக் கொடியில் பன்னிரண்டு போலீஸ் யூனிஃபார்ம் காய்வதைப் பார்த்த பிறகு அந்தப் பொய் எடுபடாது.

நான் எழுதிய முதல் கட்டுரை ஒரு சட்டையைப் பற்றியது. ஹீரோ சண்டை போட்டு ரத்தம் வழிய நிற்கும் காட்சி பாதியில் நின்று, மிச்சம் இரண்டு வாரம் கழித்து எடுப்பதாக இருந்தது. அந்தச் சட்டையை அப்பா செய்தித்தாளில் சுற்றி பீரோவுக்கு மேல் வைத்திருந்தார். எங்கள் பாட்டி ஊரிலிருந்து வந்த மறுநாள் அதைப் பார்த்துப் பதறி, சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்துவிட்டார். சாயங்காலம் அப்பா வந்து அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி முழுக்க, கன்டினியூட்டிக்காக, அதாவது விட்ட காட்சியோடு அப்படியே பொருந்துவதற்காக, எடுத்த ஸ்டில் படத்தைச் சிம்னி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, குங்குமத்தையும் தேனையும் குழைத்து, ஒவ்வொரு கறையாகத் தொட்டுத் தொட்டு வைத்தார். இடது காலருக்குக் கீழே இலை மாதிரி ஒரு கறை. அதை நான்தான் வைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. படம் வந்தபோது தியேட்டரில் எல்லோரும் ஹீரோவைப் பார்த்தார்கள், நாங்கள் நாலு பேரும் காலரைப் பார்த்தோம்.

2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்று வீட்டில் உட்கார்ந்தபோது இதையெல்லாம் போனில் எழுத ஆரம்பித்தேன். அப்பா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது, எழுதும்போது அவர் பக்கத்தில் இருப்பது போல இருக்கும். மறுபடி வேலை தொடங்கியதும் செட்டில் லைட்டிங் மாற்றும் நேரத்தில் வாசித்துக் காட்டுவேன். லைட்மேன் அண்ணன்களெல்லாம் சிரித்துவிட்டு, "இது எங்க வீட்லயும் நடந்துச்சும்மா" என்று ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். முப்பத்து நான்கு கட்டுரை சேர்ந்ததும் புத்தகமாகப் போடலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. 72,000 ரூபாய் பேக்கேஜ்: 500 பிரதி, அட்டை வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், புத்தகக் காட்சியில் இடம், மின்னூல், எல்லாம் சேர்த்து என்றார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. 2022 செப்டம்பரில் ஒப்பந்தத்தை செட்டுக்கே கொண்டு வந்தார்கள். ஒன்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ். மேக்கப் அறையில் இரண்டு ஷாட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். "ஸ்டாண்டர்டு ஃபார்மேட்தான் மேடம், எல்லா ரைட்டரும் இதுலதான் கையெழுத்துப் போடுவாங்க" என்றார் வந்தவர். வெளியே அசிஸ்டென்ட் டைரக்டர் "அம்மா, ஷாட் ரெடி" என்று கூப்பிட்டார். நான் ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனேன். எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்த வினைதான்.

அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல பதிப்பகம் அதற்குக் கோபித்துக்கொள்ளாது. இங்கிலீஷில் இருந்தால் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர் ஒருவரோடு உட்காருங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது மூன்று: என்னென்ன உரிமை கொடுக்கிறோம், எத்தனை வருடத்துக்கு, அச்சடித்த பிரதிகள் யாருக்குச் சொந்தம். மூன்றாவதை நான் கனவிலும் நினைக்கவில்லை. காசு நான் கொடுத்தேன், புத்தகம் என்னுடையது என்றுதான் நினைத்தேன். ஒப்பந்தப்படி எனக்கு 50 பிரதி, மிச்சம் 450 அவர்களுடையது. அந்த 72,000 ரூபாய் பில்லில் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு மட்டும் 4,500 ரூபாய் போட்டிருந்தார்கள். நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகவே கொடுக்கிறது. எழுதுபவர் தானே விண்ணப்பிக்கலாம். இது எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

டிசம்பரில் புரூஃப், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி, வந்தது, போனில் பிடிஎஃப் ஆக. நான் எழுதியது யூனிகோடில். அவர்கள் வேறு எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் அமைத்திருந்தார்கள். மாற்றியதில் பல இடங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றது. 'கோடம்பாக்கம்' என்ற சொல்லில் கொம்பு முந்தைய வரியின் கடைசியிலும், மிச்சம் அடுத்த வரியிலும். 'ஷூட்டிங்' என்று வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. சின்னத் திரையில் பார்த்ததில் எனக்குப் பாதி கண்ணில் படவில்லை. புரூஃபை அச்செடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். டப்பிங்கில் வசனம் சரிபார்ப்பது போலத்தான். அம்மா இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார், எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பக்கம் அமைத்த பையனுக்கு மட்டும் நான் நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் நாலு வரி சினிமாப் பாட்டுப் போட்டிருந்தேன். "மேடம், பாட்டு எழுதினவங்ககிட்ட பர்மிஷன் இருக்கா?" என்று அவர்தான் கேட்டார். எழுதியவர் மறைந்து அறுபது வருடம் வரை அந்த உரிமை இருக்கிறது. எல்லாப் பாட்டையும் எடுத்துவிட்டு, இரண்டு இடத்தில் மட்டும் பாரதியாரை வைத்தேன். அவர் எழுத்தின் உரிமையை 1949லேயே அரசு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கிவிட்டது.

படங்களில் அப்படிக் காப்பாற்ற யாரும் இல்லை. அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்த ஸ்டில்கள் பதினொன்றைப் புத்தகத்தில் சேர்த்திருந்தேன். அப்பாவின் பெட்டியில் இருந்தால் அப்பாவுடையது என்ற நினைப்பு. புத்தகம் வந்த ஒரு மாதத்தில் ஒரு பழைய தயாரிப்பாளரின் குடும்பத்திலிருந்து போன். மரியாதையாகத்தான் பேசினார்கள். கம்பெனி சம்பளம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கம்பெனிக்குத்தான் சொந்தம். முதலில் வெளியான நாளிலிருந்து அறுபது வருடம். இரண்டு படத்துக்கு 12,000 ரூபாய் கொடுத்தேன். உங்கள் வீட்டு ஆல்பத்தில் நீங்களே எடுத்த படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதைப் போடுங்கள். ஸ்டில்லைப் போட வேண்டும் என்றால் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காசோடு போயிற்று. இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார், குரூப் டான்ஸர். எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறு போட்டு வளர்த்தவர். அவருக்கு வெளியூரில் வரன் அமைந்தது. டான்ஸ் ஆடுகிற பெண் என்றால் கல்யாணம் நின்றுவிடும் என்று, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர் என்று சொல்லியிருந்தார்கள். அவரோடு ஆடுகிற தோழிகள் கல்யாணத்துக்கு வராமல் இருப்பார்களா? பதினோரு பேரும் டீச்சர்களாகவே வந்தார்கள். அப்பாதான் கம்பெனிப் பெட்டியிலிருந்து பதினோரு காட்டன் சேலையும், பவர் இல்லாத கண்ணாடிகளும், கைப்பைகளும் கொடுத்தார். எல்லோரும் கொண்டையைத் தழைய முடிந்துகொண்டு, முன் வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் "எத்தனை படிச்ச பொண்ணுங்க!" என்று வியந்தார்கள். சாயங்காலம் வரவேற்பில் கச்சேரிக்காரர்கள் ஒரு பாட்டை எடுத்தார்கள். போன மாதம்தான் அந்தப் பாட்டுக்கு மூன்று நாள் ஆடி முடித்திருந்தார்கள். முதல் தாளம் விழுந்ததும், பதினோரு டீச்சர்களின் வலது கால்களும் நாற்காலிக்குக் கீழே ஒரே நேரத்தில் முன்னால் வந்தன. நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

செட்டில் எல்லோரும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்ன கட்டுரை இதுதான். அக்காவின் பெயரை மாற்றித்தான் எழுதினேன். ஆனால் தெரு அப்படியே இருந்தது, வருடம் இருந்தது, மாப்பிள்ளை ஊர் இருந்தது, எதிர்ப்பக்கத்தில் அந்தக் குழுவின் படமும் இருந்தது. 2023 ஜனவரியில் நந்தனத்தில் நடந்த புத்தகக் காட்சியில் புத்தகம் வந்தது. அக்காவின் மூத்த மகனுடைய மாமனார் வீட்டில் ஒருவர் வாங்கியிருக்கிறார். படத்தைப் பார்த்து, ஊரைப் பார்த்து, கணக்குப் போட்டுக் கேட்டுவிட்டார்கள். அக்காவின் கணவருக்குக் கல்யாணமான அந்த வருடத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டதாம். கடைசி வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகன்களுக்குத் தெரியாது.

அக்கா போனில் சத்தம் போடவில்லை. "நீ என் வீட்ல சாப்பிட்டு வளர்ந்தவ. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் வைத்துவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கட்டுரையை நான் அன்போடுதான் எழுதினேன். ஆனால் நாற்பது வருடம் அவர் மூடி வைத்திருந்ததை நான் 240 ரூபாய் விலை போட்டுக் கடையில் வைத்திருந்தேன். பெயரை மாற்றினால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கட்டுரையில் வரும் ஒவ்வொருவரிடமும், அவர் இல்லாவிட்டால் அவர் பிள்ளைகளிடமும், அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டிவிடுங்கள். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுக்கும்படியும், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கத்திலும் எழுதியிருந்தால் அது அவதூறாகலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நமக்குச் சோறு போட்டவர்கள் முகத்தில் நாம் விழிக்க வேண்டாமா?

அன்றைக்கே பதிப்பகத்தைக் கூப்பிட்டு, விற்பனையை நிறுத்துங்கள், மின்னூலை எடுங்கள், அந்தக் கட்டுரை இல்லாமல் மறுபடி அடிக்கலாம், செலவு என்னுடையது என்றேன். "முடியாது மேடம், ரைட்ஸ் எங்ககிட்ட இருக்கு" என்றார்கள். அப்போதுதான் அந்த ஒன்பது பக்கத்தைப் படித்தேன். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா, வெப் சீரிஸ், எல்லாம், உலகம் முழுக்க, பதிப்புரிமைக் காலம் முழுக்க. அதாவது நான் இருக்கும் வரைக்கும், நான் போன பிறகு அறுபது வருடத்துக்கும். பாட்டி துவைத்த சட்டை, அப்பாவின் குங்குமம், அக்காவின் கல்யாணம், எதுவுமே என் கையில் இல்லை.

முன்பு ஒரு சீரியல் சம்பள பாக்கிக்காக எனக்கு உதவிய வக்கீலம்மாவிடம் போனேன். அவர் பதிப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவைப் பொறுமையாக விளக்கினார். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஒரு உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது தானாகவே காலாவதியாகிவிடும். எழுதுகிறவனைக் காப்பாற்ற இவ்வளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் என் ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றையும் தேடித் தேடி எழுதி அடைத்திருந்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். இனி எழுதுவதாக இருந்தால் உரிமையை மாற்றிக் கொடுக்காதே, தமிழில் அச்சுப் புத்தகம் போட மட்டும் மூன்று வருட அனுமதி கொடு, அதில் குறிப்பிடாத உரிமை எல்லாம் எனக்கே என்று ஒரு வரி சேர், என்றார். இந்த வரியை நான் இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

கடைசியில் ஒரு ஓட்டை கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கும், விலையில் பத்து சதவீதம் ராயல்டியும் தருவோம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இரண்டும் வரவில்லை. விற்றது 86 பிரதி, எனக்கு வர வேண்டியது 2,064 ரூபாய். அந்தச் சின்னத் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் வக்கீலம்மா நோட்டீஸ் அனுப்பினார். அவருக்கு 10,000 ரூபாய் ஆனது. நான் போன் பேசிய நாட்களில் எதுவும் நகரவில்லை, பதிவுத் தபால் போன பிறகுதான் பதில் வந்தது. அதனால் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலாவது போடுங்கள். இழுத்து இழுத்து, மிச்சமிருக்கும் 364 பிரதியையும் பாதி விலைக்கு நானே வாங்கிக்கொண்டால் உரிமையைத் திருப்பி எழுதித் தருகிறோம் என்றார்கள். ஒன்றுக்கு 120 ரூபாய், 43,680. நான் காசு கொடுத்து அடித்த புத்தகத்தை நானே மறுபடி காசு கொடுத்து வாங்கினேன். 2024 மார்ச்சில் கடிதம் கைக்கு வந்தது. மின்னூல் கடைகளிலிருந்து இறங்க இன்னும் மூன்று வாரம் ஆனது.

பெட்டிகள் வந்த அன்று சாயங்காலமே கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் தடவை போனபோது கதவுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசியவர், அன்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

இதை எழுதி முடித்ததும் போன வாரம் மறுபடி போனேன். அக்காவின் சின்ன மகனும் இருந்தான். முழுவதும் வாசித்துக் காட்டினேன். கல்யாணம் வரும் இடத்தில் எனக்குக் குரல் இறங்கியது. "நிறுத்தாத, வாசி" என்றார். பதினோரு டீச்சர்களின் கால் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பதினொண்ணு இல்லடி, பன்னெண்டு. மேடையில நின்னுக்கிட்டிருந்தேனே, கூரைச் சேலைக்குள்ள என் காலும் வந்துச்சு. உனக்குத் தெரியல."